ஒரு சொட்டு இரத்தமும் ஓர் எழுத்தரின் ஆட்சேபணையும்

சென்ற வாரம் மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். ஆராய்ச்சி மாணவி. இரத்தத்தில் உள்ள பொருள்களை மின்சாரத்தின் வழியாகக் கண்டுபிடிக்கும் சின்னஞ்சிறு உணர்கருவிகள், அதாவது பயோசென்சர்கள் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. தான் எழுதிய கட்டுரை ஒன்றை அச்செடுத்து என் மேஜைமேல் வைத்து, "தாத்தா, புள்ளி கமா மட்டும் பாருங்க. விஷயத்துக்குள்ள போயிடாதீங்க" என்றாள்.

38 வருஷம் அரசாங்கக் கோப்புகளைப் படித்தவனிடம் விஷயத்துக்குள் போகாதே என்றால் நடக்குமா? போனேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு பழைய கதை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் ரசாயன வாத்தியார் ஒருநாள் நீல நிறத் திரவம் ஒன்றைச் சோதனைக் குழாயில் ஊற்றி, "இது லிக்கர் தெ ஃபெலிங்" என்றார். லிக்கர் என்றதும் பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. புதுச்சேரிப் பையன்களுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் சொல்லித் தரவேண்டியதில்லை. அவர் சிரிக்கவில்லை. குளுக்கோஸ் கரைசலைக் கொஞ்சம் விட்டுச் சூடாக்கினார். நீலம் போய் செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை இருந்தால் நிறம் மாறும், அவ்வளவுதான் என்று சொல்லி மணியடிக்கும் முன்பே போய்விட்டார்.

பல வருஷம் கழித்து அதன் தம்பி வீட்டுக்கே வந்தான். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. பெனடிக்ட் கரைசல், ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய், குழாயைப் பிடிக்க மரக் கவ்வி. 5 மில்லி கரைசலில் 8 சொட்டு சிறுநீரை விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று ஏற ஏற வீட்டில் பேச்சுக் குறையும். உங்களில் பலர் இதைச் செய்திருப்பீர்கள். அந்த வாடையும் மறந்திருக்காது. அதில் ஒரு குறை. சிறுநீரில் சர்க்கரை இறங்குவது இரத்தத்தில் மிக ஏறிய பிறகுதான். இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோனால் அந்தக் குழாய் ஒன்றும் சொல்லாது. நீலமாகவே நின்று நம்மை ஏமாற்றும்.

இன்று விரலில் குத்தி ஒரு சொட்டை ஸ்ட்ரிப்பின் நுனியில் காட்டினால் 5 விநாடியில் எண் வருகிறது. இது எப்படி வந்தது என்பதைப் பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் என்றொருவர் ஆக்சிஜனை அளக்கும் மின்முனை ஒன்றை 1950களில் செய்தார். 1962ல் அதன்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பூசி, சர்க்கரையையும் அதே மின்முனையால் அளக்கலாம் என்று அவரும் லயன்ஸ் என்பவரும் எழுதினார்கள். 1962 ஆகஸ்டில்தான் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. எனக்கு அப்போது 12 வயது. கொடி ஏறியது நினைவிருக்கிறது. அதே வருஷம் உலகத்தின் மறுமூலையில் என் வீட்டுக்காரியின் விரல் நுனிக்கு இப்படி ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஸ்ட்ரிப்புக்குள் நடப்பது இவ்வளவுதான். நொதி சர்க்கரையிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. நடுவில் ஒரு தூது ரசாயனம் அதை வாங்கி மின்முனையிடம் ஒப்படைக்கிறது. சர்க்கரை அதிகமானால் மின்னோட்டம் அதிகம். அந்த ஓட்டத்தை மீட்டர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அந்தத் தூது வேலையை ஃபெரோசீன் செய்யும் என்று 1984ல் இங்கிலாந்தில் காட்டினார்கள். 1987ல் பேனா வடிவத்தில் ஒரு மீட்டர் கடைக்கு வந்தது. கிளார்க்கின் கட்டுரையிலிருந்து எண்ணினால் 25 வருஷம். இந்த 25ஐ நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பேத்தியின் சென்சர் இதைவிட நூதனமானது. சர்க்கரை இரத்தத்தில் ஏராளமாக இருக்கிற சரக்கு. அவள் தேடுவது ட்ரோபோனின் என்ற புரதம். மாரடைப்பில் இதயத் தசை சிதைந்தால் இரத்தத்தில் கசிவது. இப்படிப்பட்ட புரதங்களைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. புரதத்தைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆன்டிபாடி, பிடித்ததை அடையாளம் காட்ட நிறமோ ஒளியோ தரும் லேபிள் ஒட்டிய இன்னோர் ஆன்டிபாடி. அதற்குக் கழுவுதல், காத்திருத்தல் எல்லாம் வேண்டும். லேபிளே வேண்டாம் என்பது இவர்கள் கட்சி. லேபிளுக்குப் பிரெஞ்சில் எத்திக்கெத் என்போம். சபை மரியாதைக்கும் அதே சொல்தான். எத்திக்கெத் இல்லாத பரிசோதனை என்றதும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. சீட்டு ஒட்டாத கோப்பை அலமாரியில் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

லேபிள் இல்லாமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் சொன்னதை என் பாணியில் சொல்கிறேன். ரேஷன் கடை வாசலில் வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பருத்த மனிதர் வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நீங்கள் தெருமுனையில் நிற்கிறீர்கள், அவரைப் பார்க்கவில்லை. ஆனாலும் வரிசை மெதுவாக நகர்வதை வைத்து, வாசலில் யாரோ உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். மின்முனைதான் வாசல். எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிற ஃபெரோசயனைடுதான் வரிசை. மின்முனைமேல் நட்டுவைத்த ஆன்டிபாடியில் ட்ரோபோனின் வந்து உட்கார்ந்ததும் எலக்ட்ரான் போக்குவரத்துக்குத் தடை கூடுகிறது. அந்தத் தடையைத்தான் அளக்கிறார்கள்.

நானோ எதற்கு? வழவழப்பான பூசணித் தோலைவிட முள் முள்ளான பலாத் தோலில் பரப்பு அதிகம். மின்முனைமேல் தங்கத் துகள்களையோ கார்பன் குழாய்களையோ கிராஃபீனையோ பூசினால் ஆன்டிபாடி உட்கார நிறைய இடம் கிடைக்கும், எலக்ட்ரானும் எளிதாகப் போய்வரும். தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் இந்தத் துகள்களின் அளவை யோசித்துக்கொள்ளுங்கள்.

நல்லது. கட்டுரையின் கடைசிப் பத்திக்கு வந்தேன். ஃபெம்டோமோலார் அளவு வரை கண்டுபிடிக்கும் என்று பெருமையாக எழுதியிருந்தாள். ஃபெம்டோ என்றால் ஒன்றுக்குப் பின்னால் 15 சுழியம் போட்டு அத்தனை பங்கில் ஒரு பங்கு. கருவூலத்தில்கூட அத்தனை சுழியத்தை நான் பார்த்ததில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "யாருடைய இரத்தத்தில்?"

பேத்தி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இரத்தத்துல இல்ல தாத்தா. பஃபர்ல" என்றாள். பஃபர் என்றால் சுத்தமான உப்புக் கரைசல். அதில் ட்ரோபோனினைத் தவிர வேறு யாரும் கிடையாது.

இங்கேதான் என் ஆட்சேபணை. ரேஷன் கடை வாசலில் ஒருவரே வந்தால் அவர் யாரென்று சொல்லிவிடலாம். திருவிழாக் கூட்டம் வந்தால்? ஒரு லிட்டர் இரத்த நீரில் அல்புமின் என்ற புரதம் மட்டும் 40 கிராம் அளவில் இருக்கிறது. ட்ரோபோனின்-டி லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினாலே இன்றைய டாக்டர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எடைக்கு எடை ஏறக்குறைய 300 கோடி மடங்கு வித்தியாசம். அந்த 300 கோடியில் சிலர் சும்மா வந்து வாசலில் உட்கார்ந்தாலும் வரிசை மெதுவாகும். லேபிள் உள்ள முறையில் இரண்டாவது ஆன்டிபாடி வந்து சாட்சி சொல்கிறது. இங்கே சாட்சி இல்லை. உட்கார்ந்தது மாமனா மாற்றானா என்று கருவிக்குத் தெரியாது. இதைத் தடுக்க வழுக்கும் பூச்சுகளெல்லாம் பூசிப் பார்க்கிறார்களாம். பாதி வெற்றி என்கிறாள்.

இதைப் படித்துவிட்டு, கிழவனுக்கு விஞ்ஞானம் பிடிக்கவில்லை என்று யாராவது நினைக்கலாம். அப்படியில்லை. எனக்கு இதில் சொந்த வழக்கு ஒன்று இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலை. என் வீட்டுக்காரி இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். எழுந்ததும் "ஒரு மாதிரியா இருக்குங்க, படபடன்னு வருது" என்றாள். நெற்றியில் வியர்வை. மார்கழியில் வியர்வை! நான் உடனே மீட்டரை எடுத்தேன். 81 காட்டியது. "81 நல்ல எண். உனக்கு வேற ஏதோ, வாயுவா இருக்கும். படு" என்றேன். அவள் மறுபடியும் சொன்னாள், சர்க்கரை இறங்கின மாதிரியே இருக்கிறது, ஒரு வாய் இனிப்பு கொடுங்கள் என்று. நான் கொடுக்கவில்லை. இனிப்பு கேட்க ஒரு சாக்கு என்று நினைத்தேன். மீட்டர் சொல்வதை நம்பினேன், 40 வருஷம் கூட வாழ்ந்தவள் சொன்னதை நம்பவில்லை. அரை மணி நேரத்தில் பேச்சுக் குழறி, கண் செருகிவிட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆய்வகத்தில் 41. குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிழைத்தாள்.

அங்கே இருந்த இளம் டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டார். 8. அவர் விளக்கினார். இரத்த சோகை உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் குறைவு. ஒரு சொட்டில் அணு குறைந்து நீர் கூடும்போது சர்க்கரை மின்முனைக்கு எளிதாகப் போய்ச் சேரும், மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 81 என்று காட்டியபோதே உண்மையில் அதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம், பிறகு அரை மணியில் இன்னும் இறங்கியிருக்கும் என்றார். வீட்டுக்கு வந்து ஸ்ட்ரிப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஆங்கிலத்தில், எறும்பு ஊர்வதுபோல் எழுத்தில், ஹீமட்டோக்ரிட் 30 முதல் 55 சதவீதம் வரை உள்ளவர்களுக்கே இது பொருந்தும் என்று இருந்தது. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹீமட்டோக்ரிட் சுமாராக வரும். அவளுக்கு 24. அதாவது அந்தக் கருவி அவளுக்கானதே அல்ல. இரண்டு வருஷம் அதை வைத்து மருந்தளவு பார்த்திருக்கிறோம்.

கோப்பில் அடிக்குறிப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரிகளை நான் எத்தனை பேரிடம் குறை சொல்லியிருப்பேன்! வீட்டில் நானே அப்படித்தான் செய்திருக்கிறேன்.

இது எங்கள் ஒருவீட்டுக் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்த சோகை. அத்தனை பேருக்கும் 8 என்று அர்த்தமில்லை, லேசான சோகையே பாதிக்குப் பாதி இருக்கும். இருந்தாலும் 57 என்பது 57தான். 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல். புதுச்சேரியில் வயது வந்தவர்களில் 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்து நாம்தான். ஆக சோகையும் சர்க்கரையும் ஒரே உடம்பில் இருப்பது நம் ஊரில் அதிசயமே அல்ல.

அந்தத் தாளில் இன்னும் என்னென்னவோ இருந்தது. புட்டியின் மூடி திறந்து கிடந்தால் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். கடலுக்கு 600 மீட்டரில் குடியிருக்கிற எங்களுக்கு இதைத் தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டாமா? கையைக் கழுவாமல் குத்தக்கூடாது. என் மச்சான் ஒருமுறை மாம்பழம் நறுக்கிவிட்டு அப்படியே விரலைக் குத்தி, 390 என்று பார்த்துவிட்டு, உயில் எழுதுகிற அளவுக்குப் போனார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பார்த்தால் 142. அளந்தது பங்கனபள்ளியின் சர்க்கரையை!

சிரிக்க முடியாத உதாரணமும் உண்டு. ஒருவகை ஸ்ட்ரிப்பில் வேறொரு நொதி. அது மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிற சிலருடைய மருந்துத் திரவம் உடம்புக்குள் மால்டோஸாகச் சிதையும். மீட்டர் அதிகமாகக் காட்ட, அதை நம்பி இன்சுலின் போட, உயிர்கள் போயின. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009ல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கருவி அங்கே கெட்டுப்போகவில்லை. அதற்குத் தெரிந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

அதனால்தான் செய்தித்தாளில் "ஒரு சொட்டு இரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் நானோ கருவி" என்று வாரம் ஒருமுறை வரும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அமெரிக்காவில் தெரனோஸ் என்ற கம்பெனி ஒரு சொட்டில் எல்லாம் பார்ப்பேன் என்று சொல்லிக் கோடிகோடியாகத் திரட்டி, கடைசியில் அதன் தலைவி எலிசபெத் ஹோம்ஸுக்கு 2022ல் 11 வருஷத்துக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. என் பேத்தி ராத்திரி பகலாக உழைக்கிறாள். ஆனால் பஃபரில் பார்த்ததைப் பஃபரில் பார்த்தேன் என்று தலைப்பிலேயே சொல்ல ஏன் கூச்சம்?

அவள் திருப்பிக் கேட்டாள். "தாத்தா, 1962ல கிளார்க்கையும் இப்படிக் கேட்டிருந்தா அம்மம்மாவுக்கு மீட்டரே வந்திருக்காதே?" நியாயமான கேள்வி. அந்த 25 வருஷத்தை நானும் மறுக்கவில்லை. சுத்தமான கரைசலில் வேலை செய்யாதது இரத்தத்தில் வேலை செய்யாது, ஆகவே முதல் படி அதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே தேசிய ஆய்வகம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது. 1948ல் அடிக்கல் நாட்டும்போது, நாளைக்கே என்ன லாபம் என்று அவர் கேட்டிருந்தால் அது எழும்பியிருக்காது. ஆனால் முதல் படியிலேயே நின்றுகொண்டு இன்னும் ஒரு சுழியம், இன்னும் ஒரு சுழியம் என்று போட்டி போடுவது எனக்குப் புரியவில்லை. மருத்துவருக்கு 14 நானோகிராம் போதும் என்கிற இடத்தில் அதற்கும் ஆயிரம் மடங்கு கீழே பார்ப்பதைவிட, அந்த 14ஐ சோகைக்காரியின் இரத்தத்திலும், மே மாத வெக்கையிலும், ஆறு மாதம் அலமாரியில் கிடந்த பிறகும் ஒரேமாதிரி பார்ப்பது கஷ்டமான வேலை. அதற்குத்தான் முதல் மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. விலையும் இருக்கிறது. இன்று என் கடையில் ஒரு சர்க்கரை ஸ்ட்ரிப்பே 20 ரூபாய்க்குப் பக்கத்தில். ஓய்வூதியம் இல்லாதவர்கள் அதனாலேயே வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இன்னொரு விஷயம், எழுத்தர் புத்தியில் தோன்றியது. மீட்டரின் எண்ணை நாம் துல்லியம் என்று நினைக்கிறோம். 15197 என்ற சர்வதேசத் தரத்தின் 2013ஆம் வருஷப் பதிப்பு என்ன கேட்கிறது தெரியுமா? நூறு தடவை பார்த்தால் 95 தடவை, 100க்குக் கீழே இருக்கும்போது 15 புள்ளிக்குள்ளும், 100ம் அதற்கு மேலும் இருக்கும்போது 15 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் போதும். அதாவது உண்மையில் 200 என்றால் மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் தேர்ச்சி. தூலோனில் இருக்கும் என் பெரியப்பா மகன், பழைய சொல்தா, "எனக்கு ஒன்று இருபது" என்பார். பிரான்ஸில் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கு, நம் 120 அது. ஒரு புள்ளி ஏறினால் போன் போட்டுப் புலம்புவார். அந்தப் புள்ளிக்கு அர்த்தமில்லை அண்ணே என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

பேத்தி கிளம்பும்போது கட்டுரையின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள், அளவீடுகள் பஃபர் கரைசலில் எடுக்கப்பட்டவை என்று. அடுத்ததாக இரத்த நீரில் பார்க்கப் போகிறாளாம். சுழியங்கள் குறையும் என்று இப்போதே முகம் வாடியிருக்கிறது.

என் பங்குக்கு, எங்கள் வீட்டில் இப்போது இருக்கிற மீட்டரின் தாளைத் தமிழில் எழுதினேன். சோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லவும், கையைக் கழுவவும், மூடியை உடனே மூடவும், உடம்பு ஒன்று சொல்லி மீட்டர் வேறு சொன்னால் முதலில் இனிப்பு, பிறகு டாக்டர் என்று மொத்தம் 11 வரி, கொட்டை எழுத்தில். ஜெராக்ஸ் போட்டு மருந்துக் கடைத் தம்பியிடம் 50 தாள் கொடுத்தேன். ஸ்ட்ரிப் வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுக்கிறான். ஒரு தாள் எங்கள் பிரிட்ஜ்மேல் ஒட்டியிருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே என் வீட்டுக்காரி பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். நேற்றுக் கடைத் தம்பி போன் பண்ணினான், தாள் தீர்ந்துவிட்டது, இன்னும் 50 வேண்டும் என்று.